மருதாயி சாத்திய கதவு

மருதாயி என்ற வயல் நண்டு கடலோர அலையாத்திக் காட்டுக்குக் குடிவந்து சில நாட்களே ஆகியிருந்தன. அவளுடைய ஊரில் மழை பொய்த்து வயல் வெடித்துவிட்டது. வயிற்று மடிப்புக்குள் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு, வாய்க்காலில் கடைசியாக ஓடிய தண்ணீரோடு இறங்கி வந்துவிட்டாள். குஞ்சுகள் எந்த நாளும் வெளியே வரலாம். அதற்குள் எட்டுக் கால்களையும் ஊன்ற ஓர் இடம் வேண்டும்.

இடம் கிடைத்தது. கரை மேட்டில், மரவேர்களுக்கு நடுவே ஒரு வளை தோண்டிக்கொண்டாள். சேறு மெத்தென்று இருந்தது. தின்பதற்கும் குறைவில்லை. தண்ணீர்தான் உப்புக் கரித்தது; அதுகூடப் பழகிவிடும் போலிருந்தது. பழக முடியாமல் போனது ஊர்க்காரர்களோடுதான்.

கீழே சரிவு முழுக்க உள்ளூர் நண்டுகளின் வளைகள். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரிதாக இருக்கும் நண்டுகள் அவை. புதிதாகக் குடிவந்தவர் அக்கம்பக்கத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது வயல் வழக்கம். மருதாயி ஒரு நத்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வளைக்குப் போனாள். அங்கே குடியிருந்தவன் வலங்கையன். அவள் வாசலை நெருங்கும்போது அவன் ஒரு சேற்று உருண்டையை அவசரமாக உருட்டி வந்தான். வளைக்குள் இறங்கினான். உருண்டையை உள்ளேயிருந்து இழுத்து வாயை அடைத்துக்கொண்டான். அடுத்த வளையும் அப்படியே சாத்திக்கொண்டது. அதற்கடுத்ததும்.

மருதாயி நத்தையோடு நடுச்சேற்றில் நின்றாள்.

வயலில் வருகிறவரின் முகத்துக்கு நேரே வளையைச் சாத்தினால், இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று பொருள்.

மறுநாள் கொஞ்சம் பொழுது தள்ளிப் போனாள். அன்றைக்கும் அவள் போன வேளைக்கே சாத்தினார்கள். அதற்கடுத்த நாள் இன்னும் தாமதித்துப் போனபோது வலங்கையன் வெளியே மேய்ந்துகொண்டிருந்தான். எந்த ஊர் என்று கேட்டான். மேற்கே வயக்காடு என்றாள். அங்கெல்லாம் நெல் இருக்குமாமே என்று தொடங்கியவன் சட்டென்று கடல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"இரு தங்கச்சி, அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாத்திக்கொண்டான்.

நெல்லைப் பற்றி அவள் சொல்ல வாயெடுத்தது அப்படியே நின்றது. தன்னைக் கண்டாலே இவர்களுக்கு ஆகவில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. முகத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குத் திரும்பினாள். தினமும் அப்படித்தான். வளையின் அடிமூலையில் போய் உட்கார்ந்துவிட்டால், அதன்பின் சரிவில் என்ன நடக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள்.

பௌர்ணமி அன்று காலையில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஊருக்கே திரும்பிவிட வேண்டியதுதான். வாய்க்கால் காய்ந்து கிடக்கும். குஞ்சுகளோடு வயல் போய்ச் சேர்வதே சந்தேகம். ஆனாலும் அங்கே செத்துக் கிடந்தால் எட்டிப் பார்க்க நாலு பேர் வருவார்கள். வெயில் தாழ்ந்ததும் கிளம்பலாம் என்று வாசலில் உட்கார்ந்தாள்.

அப்போது வலங்கையன் சரிவில் மேல்நோக்கி ஓடி வந்தான். நேராக அவள் வளையைப் பார்த்து வந்தான்.

இன்றைக்குத்தான் இவருக்கு வழி தெரிந்ததாக்கும் என்று மருதாயி நினைத்தாள். கிளம்புவதற்கு முன் இப்படி ஒரு சந்தர்ப்பம் வாய்க்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பெரிதாக ஓர் உருண்டை பிடித்தாள். அவன் ஏதோ கத்திக்கொண்டே நெருங்கும்வரை காத்திருந்தாள். அவன் முகத்துக்கு நேரே சாத்தினாள். ஆத்திரம் அடங்காமல் உள்ளேயிருந்து இன்னும் இரண்டு உருண்டைகளை வைத்து அப்பினாள். மேலே அவன் ஒரு முறை தட்டிப் பார்ப்பதும், பிறகு விடுவிடுவென்று ஓடுவதும் கேட்டது. நன்றாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் தலைக்கு மேல் இரைச்சல் எழுந்தது. வளையின் சுவர் அதிர்ந்தது. கடல் மேட்டின்மேல் ஏறிப் புரண்டுகொண்டிருந்தது. வாசல் மட்டும் திறந்திருந்தால் குஞ்சுகளை வாரிக்கொண்டு போயிருக்கும்.

தினமும் சரிவில் ஏறும் கடலுக்குத்தான் அவர்கள் சாத்தியிருக்கிறார்கள். மருதாயிக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. அவசரமாக உருட்டி வந்த உருண்டை. கடல் ஏறும் நேரத்தோடு நாளுக்கு நாள் தள்ளிப்போன வேளை. அப்புறம் பேசுவோம் என்ற சொல். கடைசியாக இன்னொன்றும் விளங்கியது. தன் வளையைத் திறந்துபோட்டுவிட்டு அவன் இங்கே ஓடி வந்திருக்கிறான். திரும்பிப் போய்ச் சேர்ந்தானா?

தண்ணீர் இறங்கியதும் கதவை முட்டித் தள்ளிக்கொண்டு சரிவுக்கு ஓடினாள். வளைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. வலங்கையனின் வாசல் மட்டும் சேறு மூடிக் கிடந்தது. தட்டினாள்.

"அண்ணே, இருக்கீங்களா?"

பதில் இல்லை. இரண்டு கொடுக்குகளாலும் பறித்தாள். சேறு அசைந்தது. முதலில் பெரிய கொடுக்கு வெளியே வந்தது. பிறகு அவன் வந்தான்.

"இருக்கேன், இருக்கேன். பாதி வளைக்குத் தண்ணி பூந்துருச்சு, கரைஞ்ச சேத்தை ஒதுக்கிக்கிட்டு இருந்தேன். பௌர்ணமித் தண்ணி மேட்டுக்கும் ஏறுமே, சொல்லிட்டு வருவோம்னு ஓடியாந்தா, நீ எங்களைவிட நல்லா அடைச்சு வச்சிருக்கே. யாரு சொல்லிக் கொடுத்தா?"

மருதாயி தரையைப் பார்த்தாள்.

"நான் தண்ணிக்குச் சாத்தலை அண்ணே. உங்க மூஞ்சிக்குச் சாத்தினேன்."

வலங்கையனுக்கு இது புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் பெரிய கொடுக்கு ஆட ஆடச் சிரித்தான். அவள் நத்தையோடு சரியாகத் தண்ணீர் ஏறும் நேரத்துக்கு வருவதைப் பார்த்து, வயக்காட்டுக்காரிக்கு உயிர்மேல் பயமே கிடையாதா என்று சரிவே வியந்துகொண்டிருந்ததாம். ஏன் சாத்துகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் வயிற்று மடிப்பு அசைந்தது. குஞ்சுகள் இறங்கி, ஈரச்சேற்றில் தள்ளாடி நடந்தன. அக்கம்பக்கத்து நண்டுகள் கூடிவந்து பார்த்தன. ஊருக்குத் திரும்பும் நினைப்பு மருதாயியிடமிருந்து போயே போயிற்று.

புது ஊரில் கதவு சாத்தியிருக்கக் கண்டால், மனம் நொந்து திரும்புவதற்கு முன் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.