ஆமை நுழையாத ஆமை வீடு

கொழுந்துமலைச் சீமையில் மார்கழி பிறந்துவிட்டால் நெய்யைக் கத்தியால் வெட்டித்தான் இலையில் போடவேண்டும். அந்த ஊருக்குக் கடல்தாண்டி வந்த வியாபாரி ஒருவன், ராஜா முத்துவிசயருக்குக் காணிக்கையென்று ஓர் ஆமையை இறக்கிவிட்டுப் போனான். குளத்து ஆமை இல்லை. நாலு ஆள் சேர்ந்தால்தான் தூக்க முடிகிற தரை ஆமை. வெயில் தேசத்துப் பிறவி.

ராஜாவுக்கு அதன்மேல் அப்படியொரு பிரியம் விழுந்துவிட்டது. சிரஞ்சீவி என்று பெயர் வைத்தார். பூசணிப்பூவைத் தம் கையாலேயே ஊட்டினார். மூன்று ராணிகள் இருந்தும், தாம் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்ட முதல் ஜீவன் அதுதான் என்று பெருமூச்சு விட்டார்.

மார்கழிக் குளிரில் சிரஞ்சீவி விறைத்துப்போயிற்று. பூ மூக்குக்கு நேரே கிடந்தும் கண் திறக்கவில்லை. அரண்மனைக்குள் தூக்கிவரச் சொன்னார் ராஜா. பிரதானி சூரப்பர் காதைப் பொத்திக்கொண்டார். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சும்மாவா சொல்லிவைத்தார்கள், அரண்மனையில் புகுந்தால் சீமையே அல்லவா போய்விடும் என்றார். தோட்டத்தில் தனியாகக் கணப்பு மாளிகை கட்டித் தருவதாகப் பொறுப்பையும் தாமே எடுத்துக்கொண்டார்.

கட்டினார். மூலைக்கு மூலை குளிர்காய நெருப்புக் கணப்பு. விறகைப் பார்த்துக்கொள்ள ஒரு மணியகாரர். அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு மேல் மணியகாரர். இருவரும் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளப் பிரதானியின் மைத்துனர். அவரவர் பாய் தலையணையோடு குடியேறினார்கள். புகுவிழா அன்றைக்குத்தான் யாருக்கோ உறைத்தது: மாளிகையும் வீடுதானே? அதுவும் ராஜா பெயரில் கட்டிய வீடு. அதில் ஆமை எப்படிப் புகும்? ஆக, மைத்துனர் உள்ளே வேர்வை துடைத்துக்கொண்டிருந்தார். சிரஞ்சீவி வெளியே பனியில் கிடந்தது.

அழகிரிக் கவிராயர் ராஜாவைச் சிரிக்கவைத்துச் சோறு தின்கிறவர். அவருக்கு வாய் சும்மா இருக்காது. "மாளிகை அருமையாக வேலை செய்கிறது. ஆமை ஒன்றைத் தவிர எல்லோருக்கும் குளிர் விட்டுவிட்டது" என்று சபையில் சொல்லிவைத்தார். சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

சூரப்பர் அந்தக் கணத்துக்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். குறை சொல்லத் தெரிந்தவருக்குக் கட்டவும் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் மலையிறக்கிவிடலாம் என்றார். ராஜாவும் ஆணை போட்டுவிட்டார். ஆமைக்குக் கூரை வேண்டும், நாலு பக்கமும் அடைப்பு வேண்டும், கதவு வேண்டும், சூடு வேண்டும். ஆனால் ஆமை எந்த வீட்டுக்குள்ளும் புகக்கூடாது. வெள்ளிக்கிழமை காலைக்குள் முடியாவிட்டால் கவிராயர் குடும்பத்தோடு மலையிறங்கிவிட வேண்டும்.

கவிராயர் வீட்டுக்குப் போனால், அவர் மனைவி வேலம்மை ஒன்றும் கேட்காமல் பானைகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?"

"உங்க வாய்க்கு நான் எப்பவும் ஒரு மூட்டை கட்டித் தயாரா வச்சிருக்கணும். போய் வேலையைப் பாருங்க."

கவிராயர் போய்ப் பார்த்தார். கல்யாணச் சமையலுக்குக் கோட்டையடுப்பு வெட்டுகிறவர்களை அழைத்து, தோட்டத்தில் நீளமாக ஒரு பள்ளம் வெட்டச் சொன்னார். ஒரு முனையில் நெருப்பு. மறுமுனையில் அடியில்லாத பானைகளை அடுக்கிப் புகைக்கு வழி. நடுவில் பலகைக் கல் பரப்பி, மேலே ஒரு சாண் மணல். ஆமையைத் தூக்கி மணல்மேல் வைத்தார்கள். வெட்டவெளிதானே, யாருக்கும் ஆட்சேபம் இல்லை. வியாழன் மத்தியானம் சிரஞ்சீவி ஒரு கண்ணைத் திறந்தது.

அடிச்சூடு வந்துவிட்டது. மேலே பனி கொட்டுகிறதே? கூரை போட்டுச் சுவர் வைத்தால் வீடாகிவிடும். வைக்காவிட்டால் ஆமை செத்துவிடும். எந்தப் பக்கம் போனாலும் மலையிறக்கம்தான். மனசு ஓய்ந்துபோய் மணல் ஓரத்தில் குந்தியிருந்தவர் எதிரே, வெள்ளிக்கிழமை விடிந்ததும் ராஜா வந்து நின்றார். பின்னாலேயே கவிராயரை வழியனுப்பும் சந்தோஷத்தோடு பிரதானியும் வந்து இறங்கினார். இறங்கியது பல்லக்கிலிருந்து. வளைந்த கூரை, நாலு பக்கமும் பலகை, உள்ளே பட்டு மெத்தை, இரண்டு பக்கமும் தள்ளுகதவு.

கவிராயர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"பிரதானியாரே, ஒரு சந்தேகம். இது வீடா?"

"பல்லக்கைப் பார்த்து வீடா என்கிறீரே. பயத்தில் புத்தி பேதலித்துவிட்டதா?"

"பேதலிக்கவில்லை. மகாராஜா கேட்டுக்கொள்ளட்டும் என்றுதான் கேட்டேன். கூரை இருக்கிறது, அடைப்பு இருக்கிறது, கதவு இருக்கிறது. வீடு இல்லை என்று பிரதானியாரே சொல்லிவிட்டார். அடிப்பலகையைக் கழற்றிவிட்டால் போதும்."

சூரப்பர் பல்லக்குக் கதவைப் பிடித்துக்கொண்டார். வீடோ பல்லக்கோ, ஆமை புகுந்த எதுவும் உருப்படாது என்று குழறினார்.

"அது எங்கே புகப்போகிறது? கிடந்த இடத்தை விட்டு அசையப்போவதில்லை. பல்லக்குதான் அதன்மேல் போய் உட்காரப்போகிறது. பொழுது விடிந்ததும் உங்கள் ஆட்களே தூக்கி அப்பால் வைக்கட்டும். சாய்ந்ததும் மூடட்டும். ஆமை ஆயுசுக்கும் எதற்குள்ளும் நுழையாது."

ராஜா பிரதானியைப் பார்த்தார். பல்லக்கைப் பார்த்தார். பிறகு பல்லக்குத் தூக்கிகளுக்குக் கையைக் காட்டினார்.

அன்றுமுதல் சூரப்பர் அரண்மனைக்கு நடந்துவந்தார். வேலம்மை பானைகளை அவிழ்த்து அடுக்கினாள். ஒரு கயிற்றை மட்டும் கைக்கெட்டும் இடத்தில் மாட்டிவைத்தாள்.

பத்து நாள் கழித்து ராஜா சபையில் விசாரித்தார். பல்லக்கு வாசம் சிரஞ்சீவிக்கு ஒத்துப்போகிறதா என்றார்.

"பல்லக்கின் பழைய சொந்தக்காரருக்கு இளைத்ததில்லை மகாராஜா" என்றார் கவிராயர். "உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கொடுப்பதைத் தின்கிறது. யாராவது குறை சொல்லிக்கொண்டு கிட்டே வந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது."

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக்கொண்டே, அப்படியானால் இரண்டுபேருக்கும் வித்தியாசமே இல்லையா என்று கேட்டார்.

"ஒன்று உண்டு. அது இன்னும் யாரையும் மலையிறக்கச் சொல்லவில்லை."