மேலே நிற்கிற ஆள்

முதலில் பிழை விட்டவன் அருளப்பு. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

கடலடிப் பாறையில் இருந்த பொந்தைக் கண்டுபிடித்தவர் சந்தியாப்பிள்ளை. ஆறு பாக ஆழம், ஆறு ஆள் உயரம். பளிங்குத் தண்ணீர். பொந்துக்குள் ஒரு பெரிய கலவாய் மீன் குடியிருந்ததை முதலில் கண்டவரும் அவர்தான். சகலன்தானே என்று நம்பி அருளப்புவுக்கு விரலால் காட்டினார்.

மறு ஞாயிறே அருளப்பு அவருக்குச் சொல்லாமல் போய் அதைக் குத்தி எடுத்தான். மகள் தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கிய விருந்தில் குழம்பு வைத்தான். வந்தவர்களிடம், "நான் கண்ட பொந்து" என்றும் சொன்னான்.

குழம்பு நன்றாக இருந்தது. அதையும் சந்தியாப்பிள்ளை மன்னிக்கவில்லை.

இது சிசிலித் தீவில் நடந்தது. இருவரும் மன்னார் பேசாலையிலிருந்து போனவர்கள். வாரம் முழுக்கப் பிறர் வீடுகளைத் துடைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஈட்டித் துப்பாக்கியால் மீன் குத்துவார்கள்.

செப்டெம்பரில் அந்தப் பொந்துக்கு இன்னொரு கலவாய் குடிவந்தது. போனதைவிடப் பெரியது.

சந்தியாப்பிள்ளைக்கு உறக்கம் போயிற்று. இதை அவர்தான் எடுக்க வேண்டும். எல்லோரும் பார்க்க எடுக்க வேண்டும். ஆனால் பொந்து வாசலை எட்டியதும் மூச்சு முடிந்துவிடுகிறது.

அவர் பிலோமினாவிடம் போனார். சந்தையில் மீன் வெட்டுகிற ஊர்க்காரி. வயது முப்பத்திநாலு. மூச்சுப் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அறுபத்தொரு வயதில் அவள் முன்னால் போய் நிற்க அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

"பிள்ளை, எனக்கு மூச்சுக் காணுதில்லை. படிப்பிச்சுத் தா."

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"கரையில எவ்வளவு நேரம் பிடிப்பியள்?"

"ரெண்டு நிமிசம்."

"கடலுக்க?"

"முப்பது செக்கன்."

"மிச்சம் எங்க போகுது?"

"அதைக் கேக்கத்தானே வந்தனான்."

"ஞாயிறு வாங்கோ."

மீன் குத்துகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கீழே போனால் மற்றவர் மேலே நிற்க வேண்டும். மிதவையைப் பிடித்தபடி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, போனவர் திரும்பி வரும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. கீழே மயங்கிப்போனால் தூக்கிவர வேறு ஆளில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால், "நீ போ, நான் நிற்கிறேன்" என்று பொருள்.

அந்த ஞாயிறு பிலோமினா முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். சந்தியாப்பிள்ளை போனார். பொந்துவரை போனார். உடனே திரும்பி வந்தார்.

"என்ன கண்டியள்?"

"பொந்து."

"பிறகு?"

அவர் கொஞ்சம் தயங்கினார்.

"அருளப்பு."

"அவர் எங்க இஞ்ச?"

"வீட்டில சோறு தின்னுவான். எண்டாலும் பொந்து வாசல்ல நிண்டவன்."

பிலோமினா சிரித்த சிரிப்பில் வாய்க்குள் உப்புத் தண்ணீர் போயிற்று.

"ஒரு மூச்சில ரெண்டு பேர் போறியள்! அதுவும் மற்றவர் நல்ல கொழுத்த ஆள்!"

"அப்ப அவன் செய்ததை மறக்கச் சொல்லுறியோ?"

அவள் நீச்சல் கண்ணாடியில் துப்பித் துடைத்தாள்.

அடுத்த ஞாயிறு பாறையில் அருளப்பு நின்றான். நீச்சல் உடுப்புக்குள் வயிற்றைத் திணித்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி நின்றான்.

"இவன் ஏன் வந்தவன்?"

"எனக்குக் காது குத்துது" என்றாள் பிலோமினா. "மேல ஒராள் வேணுமெல்லோ?"

அவள் பாறையில் சம்மணம் கட்டி உட்கார்ந்து அத்திப்பழம் தின்னத் தொடங்கினாள். காது குத்துகிறவள் தின்கிற மாதிரித் தெரியவில்லை.

"இவன் ஒழுங்காப் பாப்பானோ?"

"கேளுங்கோவன்."

சந்தியாப்பிள்ளை கேட்கவில்லை. அருளப்புதான் வாய் திறந்தான்.

"பாப்பன் அண்ணை."

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தான்.

சந்தியாப்பிள்ளை போனார். மணலில் வெயில் வலைபோல ஆடியது. பொந்து வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

அண்ணாந்து பார்த்தார். அருளப்பு மேலே இருந்தான். கை அசையவில்லை, கால் அசையவில்லை. கண்ணாடிக்குள் இரண்டு கண்ணும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. விருந்துக்குப் பிறகு அவர் முகத்தை நேரே பார்க்காதவன். தெருவில் கண்டால் மற்றப் பக்கம் போகிறவன். இப்போது அவனால் கண்ணை எடுக்க முடியாது.

பார், வடிவாப் பார்.

அவருக்கு உடம்பெல்லாம் சிரிப்பாக வந்தது. மணலில் குப்புறப் படுத்தார். அவசரமே இல்லை. எவ்வளவு நேரம் கிடக்கிறாரோ, அவ்வளவு நேரம் அவன் பார்த்தாக வேண்டும். ராசா மாதிரிக் கிடந்தார்.

சின்ன மீன்கள் விரலைக் கொத்தின.

பிறகு கலவாய் வந்தது. முதலில் தடித்த உதடு. பிறகு கண். பிறகு முழு உடம்பு. இதென்ன புதுக் கல் என்று பார்க்க வந்ததுபோல ஒரு முழத் தூரத்தில் நின்றது. சந்தியாப்பிள்ளை துப்பாக்கியை மெல்ல மெல்லத் திருப்பினார்.

அக்குளுக்குள் ஒரு கை புகுந்தது.

கலவாய் பொந்துக்குள் பாய்ந்தது. சந்தியாப்பிள்ளை மேல்நோக்கிப் பறந்தார்.

"விடடா! விடு! மீன் வந்ததடா!"

"செத்துப்போனியள் எண்டு நினைச்சன்!" அருளப்புவுக்கு மூச்சு இரைத்தது. கண்ணாடிக்குள் கண்ணீர் நின்றது.

"ஆரடா செத்தது? முன்னுக்கு நிண்டது! ஒரு முழம்!"

"அசையேல்லையே அண்ணை! அசையவே இல்லையே!"

"எவ்வளவு நேரம்?" என்று பாறையிலிருந்து பிலோமினா கேட்டாள்.

"எண்பது வரையும் எண்ணினனான். பிறகு பயத்தில எண்ணேல்லை."

சந்தியாப்பிள்ளை மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். இருமினார். திரும்பவும் சிரித்தார். பிறகு இரண்டு விரலை அருளப்புவின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"விருந்துக்கு ஒண்டு. இண்டைக்கு ஒண்டு. ரெண்டு கலவாய் நீ எனக்குத் தரவேணும்."

"ஓம் அண்ணை."

"எப்ப?"

அருளப்பு கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தான்.