வடகோட்டைக்குப் போன சமையல்

முன்னொரு காலத்தில், மனம் கலங்கியவர் ஒருவர்கூட இல்லாத நாடு ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் சபையில் அமைச்சர் மழவராயர் இதை எழுந்து நின்று அறிவிப்பார். பொய்யில்லை. யாருக்காவது மனம் கலங்கினால் அன்றே வண்டியில் கட்டி, எல்லையோரத்து வடகோட்டைக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த சட்டம். போய்ச் சேர வாரக்கணக்காகும். திரும்பி வந்தவர் கிடையாது. ஆகவே நாட்டில் கலக்கமும் கிடையாது.

அந்தக் கோடையில் தோணிக்காரர் கோனேரியின் முறை வந்தது. ஆறு மணலாய்க் கிடக்க, சந்தையில் நின்று, "வெள்ளம் வருது, ஏறுங்க" என்று போவோர் வருவோரைக் கைபிடித்து இழுத்தார். அவர் தோணியேறி அக்கரைப் பள்ளிக்குப் போகாத பிள்ளை அந்த ஊரில் இல்லை. மழவராயரும் ஒரு காலத்தில் சிலேட்டும் கையுமாக அதில் போனவர்தான்.

கோனேரியின் மனைவி செவ்வந்தி, அரசவை விகடன் வெண்காடனிடம் ஓடினாள்.

"பக்கத்துல உக்காந்து 'உம்' கொட்டினா அடங்கிடுறாருங்க. வண்டியில கட்டிக் கொண்டுபோனா, போய்ச் சேர்றதுக்குள்ள அவரு என்ன ஆவாரு?"

வெண்காடன் இதை அரசரிடம் சொல்லி, உம் கொட்ட உள்ளூரிலேயே ஓர் ஆளை வைக்கலாம் என்றான். மழவராயர் சிரித்தார்.

"உம் கொட்டுவதும் ஒரு வைத்தியமா அரசே? அதற்கொரு உத்தியோகம் வேறா? தீராத நோய்க்குத் தூரத்தில் ஒரே பெரிய இடம். அதுதான் ஒழுங்கு."

அரசருக்கு அன்று விளையாட்டுப் புத்தி. "வெண்காடா, நாளை உச்சிப்பொழுதுக்குள் வடகோட்டையை இந்த ஊருக்குக் கொண்டு வா. வந்தால் கோனேரி இங்கேயே இருக்கட்டும். வராவிட்டால் வண்டி கிளம்பும். ஆணையிட இந்தா, என் முத்திரை மோதிரம்."

மறுநாள் உச்சிப்பொழுது. அரசரும் அமைச்சரும் இலைமுன் உட்கார்ந்தார்கள். இலை இருந்தது, தண்ணீர் தெளித்திருந்தது. வேறொன்றும் வரவில்லை.

"சமையல் எங்கே?" என்றார் அரசர்.

"வடகோட்டைக்குப் போய்க்கொண்டிருக்கிறது அரசே," என்றான் வெண்காடன். " அண்டா, அடுப்பு, சமையற்காரர் எல்லாம் காலையிலேயே கிளம்பியாயிற்று. பசி தினமும் வருகிறது, தீராத நோய். தூரத்தில் ஒரே பெரிய இடம் இருப்பதுதானே ஒழுங்கு? தங்களுக்கும் வண்டி வாசலில் நிற்கிறது. கட்டுவதற்குக் கயிறும் புதிது."

"போய்ச் சேர்வதற்குள் நான் என்ன ஆவேன்?"

"செவ்வந்தியும் இதையேதான் கேட்டாள் அரசே."

மழவராயரின் வயிறு அனைவருக்கும் கேட்கும்படி வழிமொழிந்தது.

"ஆனால் கோட்டை வரவில்லையே?" என்றார் அரசர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"கோனேரிக்குக் கல்லும் மதிலும் எதற்கு அரசே? ஒரு கட்டில், ஒரு வைத்தியர், பக்கத்தில் உட்கார உள்ளூர் ஆள் ஒருவர். கோட்டையில் உதவக்கூடியது இருந்தால் இவ்வளவுதான். இவற்றைக் கொண்டுவந்து ஆற்றங்கரைச் சத்திரத்தில் வைத்திருக்கிறேன்."

அரசர் வெடித்துச் சிரித்தார். ஊருக்கு ஊர் அப்படியொரு வீடு அமைத்து, கலங்கியவரை உறவுக்காரர் எட்டிப் பார்க்கும் தூரத்தில், கயிறில்லாமல் வைத்துக் காக்க வேண்டும் என்று அங்கேயே புதுச் சட்டம் பிறந்தது. மோதிரம் வெண்காடன் விரலிலேயே தங்கிவிட்டது. அந்தக் காலம் அப்படி. ஒரு சட்டம் வர, ஆள்கிறவருக்கு ஒருவேளைச் சோறு தவறினால் போதும்.

மழவராயர் மட்டும் அசையவில்லை. "என் வாயிலிருந்து ஆணை வரும், உம் வராது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

ஒரு மாலை, சத்திரத்தைச் சோதனையிட வந்ததாகச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தார். கட்டிலில் இருந்த கோனேரி நிமிர்ந்து பார்த்தார்.

"சின்னய்யாவா? ஓரத்துல உக்காராதீங்க. தண்ணி ஏறுது, கால மேல வைங்க. சிலேட்டு நனஞ்சிடப் போவுது."

மழவராயர் வாசலைப் பார்த்தார். யாருமில்லை. கட்டிலில் ஏறி, இரண்டு காலையும் மடக்கி வைத்துக்கொண்டார்.

"உம்" என்றார்.