கண்டக்டரும் காலி இடமும்

“நாலு மாசமாச்சு டீச்சர். இன்னும் காலி இடத்தைப் பத்தியேதான் பேசுதீங்க” என்றார் உத்தண்டராமன்.

அவருக்கு அறுபது வயது. ஆசிரியை ரெஜினாவுக்கு இருபத்தேழு. கோவில்பட்டியில் ஓர் அச்சகத்து மாடியில் அவள் கம்ப்யூட்டர் டிசைன் வகுப்பு நடத்தினாள். படத்தைச் சுற்றிக் காலி இடம் விட வேண்டும் என்பது அவளுடைய முதல் பாடம்.

“இன்னும் புரியலையா அண்ணாச்சி?”

“முப்பது வருஷம் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவன். காலி இடத்தைக் கண்டா என் வாயில ஒண்ணுதான் வரும். உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கெடக்கு. சீட்டுல துண்டைப் போட்டுட்டு ‘ஆள் வருது’ங்கறவனோட மல்லுக்கட்டியே என் தொண்டை போச்சு.”

ரெஜினா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அவர் படிக்க வந்த காரணம் அவளுக்குத் தெரியும்.

மனைவி செண்பகவல்லி போன அன்று, சொந்தக்காரர்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து ஒட்டினார்கள். அதில் அறுபது பேர் பெயர் இருந்தது. அவள் முகம் தபால்தலை அளவுக்கு ஒரு மூலையில். அதன் முன்னால் நின்ற ஒருவன் அவரிடமே கேட்டான்.

“செத்தது யாரு அண்ணாச்சி?”

நாளை மறுநாள் முதலாண்டு நினைவு நாள். அதற்கான போஸ்டரை அவரே செய்திருந்தார். இன்றைக்கே அச்சுக்குப் போக வேண்டும்.

திரையில் திறந்து காட்டினார்.

எழுத்தில் கண் போகாதபடி ரெஜினா அதைத் தலைகீழாகத் திருப்பினாள்.

“முதல்ல கண்ணுல படறது எது?”

வெகுநேரம் பார்த்தார்.

“புறா.”

அவள் மவுஸை அவர் பக்கம் நகர்த்தினாள்.

புறா போயிற்று.

“இப்ப?”

“ரோஜாப்பூ.”

அதுவும் போயிற்று. மேகம் போயிற்று. எட்டு வரிக் கவிதையில் வந்து நின்றார்.

“இது நானே எழுதுனது.”

ரெஜினா தலையைச் சாய்த்து அதை வாசிக்கப் பார்த்தாள்.

“அவ இருந்தா வாசிச்சுட்டுச் சிரிச்சே செத்திருப்பா” என்று சொல்லி, அதையும் எடுத்தார்.

அடுத்து அதே அறுபது பெயர்கள் இருந்தன.

“இதுல கை வெச்சா மச்சினன் சண்டைக்கு வருவான் டீச்சர்.”

“அறுபது பேரையும் ஏத்திட்டா, அக்கா எங்க இருப்பாங்க?”

பழக்கத்தில் ‘ஸ்டாண்டிங்தான்’ என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

பெயர்கள் போயின.

முகத்துக்குப் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு மட்டும் மிச்சம். அவர் கை அங்கே நின்றுவிட்டது.

“என்ன அண்ணாச்சி?”

“இது எங்க மக கல்யாணத்துல எடுத்த படம். பக்கத்துல நானும் நிக்கேன். செத்தவங்க போஸ்டர்ல உசுரோட இருக்கறவன் நிக்கக் கூடாதுல்லா. என்னை வெட்டி எடுத்துட்டேன். அந்த இடம் பள்ளமாத் தெரிஞ்சுது. பாக்க முடியலை. அதான் விளக்கைக் கொண்டாந்து வெச்சேன்.”

ரெஜினா படத்தை நேராகத் திருப்பி வைத்தாள்.

செண்பகவல்லி அவரைப் பார்த்தாள். வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றாள், பக்கத்தில் தோள் இருக்கிற தைரியத்தில் நிற்பவளைப் போல.

அவர் விளக்கை எடுத்தார்.

இடப்பக்கம் அவள். கீழே அவள் பெயர். வலப்பக்கம் முழுக்க வெள்ளை.

கீழேயிருந்து அச்சகத்து இசக்கி படியேறி வந்தான். திரையை எட்டிப் பார்த்தான்.

“அண்ணாச்சி, பாதி சும்மா கெடக்கே. நல்லதா ஒரு பூ போட்டுருவமா?”

உத்தண்டராமன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வேண்டாம்ப்பா” என்றார். “அங்க ஆள் வருது.”