ஐந்தாம் குழிக் கல்

இதை எனக்கு முதலில் சொன்னவர், எங்கள் பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் விளையாட்டு ஆசிரியையாக இருந்த ஸ்டெல்லா கிறிஸ்டபெல். எதையும் கூட்டியும் சொல்லாதவர், குறைத்தும் சொல்லாதவர். அவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

நீலகிரியில், தேயிலைச் சரிவுகளுக்கு மேலே, ஒன்பதே குழிகள் கொண்ட சிறிய கோல்ஃப் மைதானம் ஒன்று உண்டு. அங்கே ஆட்டம் கற்பிப்பவர் ஜோகி. ஆட்டக்காரர்களின் பைகளைச் சுமக்கும் கேடியாகப் பதினேழு வயதில் வந்தவர், ஆசிரியராக உயர்ந்தவர். அவருடைய முதல் மாணவர் தணிகாசலம். வனத்துறையில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர். ஆசிரியரைவிட ஐந்து வயது மூத்தவர். மாணவர் ஆசிரியரை ‘மாஸ்டர்’ என்பார். ஆசிரியர் மாணவரை ‘சார்’ என்பார். முப்பத்தோரு ஆண்டுகளாக அப்படித்தான்.

அந்த மைதானத்தின் பெருமை ஐந்தாம் குழி. பந்தை ஒரு பள்ளத்தாக்கின் மேலாக அடிக்க வேண்டும். எதிர்க்கரையில் நிலம் ஏறிக்கொண்டே போகும். நடுவில் ஒரு மேடு. அடித்தவர் கண்ணுக்குப் பந்து அந்த மேட்டுக்கு அப்பால் மறைந்துவிடும். அது எங்கே விழுந்தது என்பதை முன்னால் போய் நிற்கும் கேடிதான் சொல்வான்.

மேட்டுக்கு அப்பால், புல்லின் நடுவே, சுண்ணாம்பு பூசிய உருண்டைக் கல் ஒன்று இருந்தது. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, யார் அதிக தூரம் அடிப்பது என்று நடந்த போட்டியில் தணிகாசலம் மரத் தலை மட்டையால் அடித்த பந்து கிடந்த இடம் அது. இருநூற்று நாற்பத்தொரு கஜம். அந்தக் கல்லைப் பின்னாளில் தாண்டியவர்கள் இருவரே. இருவரும் வெளியூரிலிருந்து வந்து போனவர்கள். உள்ளூர் உறுப்பினர் எவராலும் முடியவில்லை. தணிகாசலம் எத்தனையோ காடுகளை ஆண்டவர். ஆனால் அவர் பெயர் எழுதப்பட்டிருந்தது அந்தக் கல்லில் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழா. கல்லின் மேல் பித்தளைத் தகடு பதிப்பதென்று கமிட்டி முடிவு செய்திருந்தது. அன்று தணிகாசலம் மேடையில் பேச வேண்டும்.

புதன்கிழமை தேநீர் வேளையில் ஒரு வாக்குவாதம் மூண்டது. கோயம்புத்தூரில் பம்புசெட்டுத் தொழிற்சாலை வைத்திருக்கும் சென்னியப்பன் டைட்டானியத் தலை கொண்ட புதிய மட்டை ஒன்றை வாங்கி வந்திருந்தார். இரண்டு ஆண்டில் அது மூன்றாவது மட்டை. காலை முழுவதும் அடித்தும் கல்லை எட்டவில்லை. தணிகாசலம் சும்மா இருந்திருக்கலாம். மட்டையை மாற்றினால் போதாது, தம்பி, என்று சொல்லிவிட்டார்.

சென்னியப்பன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

“உங்க மட்டை நல்ல மட்டைதானுங்கண்ணா. யாரு இல்லைன்னாங்க? சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சுப் பூப்போடுங்க. ஆட்டத்துக்கு மட்டும் எடுத்துட்டு வந்துராதீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். தணிகாசலமும் சிரித்தார். ஆனால் வீடு வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பு அவரை அறுத்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் ஜோகியைத் தேடிப் போனார். பயிற்சித் திடலின் ஓரத்தில் ஜோகி பந்துகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

தணிகாசலம் இரண்டு காரியங்களுக்காக வந்ததாகச் சொன்னார். ஒன்று, புதிய மட்டை பழையதைவிட மெய்யாகவே நன்றாக அடிக்கிறதா, அல்லது விற்பவன் சொல்லும் கதையா என்பதை மாஸ்டர் வாயால் கேட்க வேண்டும். மற்றொன்று, ஞாயிற்றுக்கிழமை ஜோகியும் மேடையேற வேண்டும். தொண்ணூற்று மூன்றில் மேட்டுக்கு அப்பால் நின்றவர் ஜோகி ஒருவர்தான். கண்ட சாட்சி சொன்னால், பழைய மட்டையை ஏளனம் செய்யும் வாய்கள் மூடும்.

ஜோகி கை துடைத்துக்கொண்டார்.

“ரெண்டு மட்டையும் வேணும் சார். அஞ்சஞ்சு பந்து போதும்.”

சென்னியப்பனிடம் கேட்டதும் புது மட்டையைக் கொடுத்தார். மூடுபனி விலகியதும் ஜோகி பள்ளத்தாக்கைச் சுற்றி நடந்து எதிர்க்கரை மேட்டின் பின்னே மறைந்தார். சற்றுக் கழித்து ஒரு சீழ்க்கை ஒலித்தது.

தணிகாசலம் மட்டைகளை மாற்றி மாற்றி அடித்தார். பழைய மட்டை பந்தைத் தொட்டபோது எழுந்த ஓசை, அவரை அந்த ஆண்டுக்கே கொண்டுபோய்விட்டது. வற்றல் விறகு ஒரே வெட்டில் பிளப்பது போன்ற ஓசை. அன்றும் இப்படித்தான் பனி விலகியது. எனாமல் குவளைகளில் தேநீர் ஆவி பறந்தது. உறுப்பினர்கள் கம்பளிச் சட்டையோடு வரிசையாக நின்றார்கள். முழங்கையே நீண்டுவிட்டது போல் லேசாக இருந்தது மட்டை. பந்து மேட்டைத் தாண்டி மறைந்த பிறகும் அவர் கைகளில் அதன் இனிமை நின்றது. புதிய மட்டையிலோ தகர டப்பாவைத் தட்டிய ஓசை. கைக்கு ஒன்றுமே தெரியவில்லை.

பத்துப் பந்துகளும் முடிந்தன. அவர் சுற்றி நடந்து எதிர்க்கரை ஏறினார்.

ஜோகி பந்துகள் கிடந்த இடங்களில் குச்சிகள் நட்டு வைத்திருந்தார். பழைய மட்டையின் பந்துகளுக்கு ஐந்து மூங்கில் குச்சிகள். இரண்டு முட்புதருக்குள் நின்றன. இரண்டு பள்ளத்தின் விளிம்பில். நல்லதாக அமைந்த ஒன்று நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கஜத்தில். புதிய மட்டைக்கு ஐந்து சிவப்புக் குச்சிகள். ஒரு பாயை விரித்தால் ஐந்தும் அதற்குள் அடங்கியிருக்கும். எல்லாம் இருநூறைத் தாண்டி இருந்தன.

“மூணு அடி தப்பா அடிச்சேனே, புது மட்டையில?” என்று கேட்டார் தணிகாசலம்.

“அடிச்சீங்க. அது பொறுத்துக்கிச்சு.”

“வயசாயிடுச்சு மாஸ்டர். அதனாலதான் பழையது இப்ப கைக்கு வரல.”

“இன்னிக்கு ரெண்டு மட்டைக்கும் உங்க வயசு ஒண்ணுதான் சார்.”

தணிகாசலம் சிவப்புக் குச்சிகளைப் பார்த்தார். பிறகு, அவற்றுக்கும் மேலே, வெயிலில் வெளுத்து நின்ற கல்லைப் பார்த்தார். சரி, ஒப்புக்கொள்கிறேன், புதியது நல்லதுதான் என்றார். ஆனால் அந்தக் கல்லுக்கு என்ன பதில் என்றும் கேட்டார். இதே மட்டை, இதே கை. முப்பத்தோரு ஆண்டு ஒரு மனிதனிடமிருந்து ஏறக்குறைய ஐம்பது கஜத்தைப் பறித்துவிடுமா?

கல்லுக்குக் கீழே, சரிவின் குறுக்கே ஓடிய கல் வடிகாலின் ஓரம் வரை ஜோகி இறங்கிப் போனார். அங்கே ஒரு பந்தை வைத்தார். குனிந்து வலது காலணியைக் கழற்றினார். காலுறையையும் கழற்றிக் காலணிக்குள் சுருட்டி வைத்தார்.

நிமிர்ந்தார். கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டார். முகத்தை மேகத்துக்கு உயர்த்தினார். வரப்போகும் மழையைக் கணிப்பவர் போல. கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே பந்து ஏறியதை, பார்த்துக்கொண்டிருந்த தணிகாசலமே பார்க்கவில்லை. ஜோகி நடந்தார். தள்ளாட்டமில்லை, அவசரமில்லை. கல்லின் அருகே வந்து நின்றார். நகர்ந்தார். பந்து கல்லடியில் கிடந்தது.

தணிகாசலம் வடிகாலையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எவ்வளவு?” என்றார் தணிகாசலம்.

“பதினெட்டு கஜம்.”

“இத்தனை வருஷம் கழிச்சு எப்படி அவ்வளவு திட்டமா...”

தினமும் வேலைக்கு இந்தச் சரிவின் வழியாகத்தான் வருகிறேன், எண்ணாமல் ஒரு நாளும் கடந்ததில்லை என்றார் ஜோகி. கேடியின் கால் ஒருமுறை எட்டி வைத்தால் ஒரு கஜம். அதற்கென்றே பழகிய கால்.

அப்படியானால் அன்று வேறு யாரோ வென்றிருக்க வேண்டும். அவர் யார் என்று தணிகாசலம் கேட்டார்.

“நீங்கதான் சார். உங்க பந்து இருநூத்தி இருபத்து மூணு. ரெண்டாவதா வந்தது இருநூத்தி பத்தொம்பது. நான் தொடாட்டியும் நீங்கதான்.”

“பின்ன எதுக்கு?”

ஜோகி காலுறையை மாட்டிக்கொண்டே பேசினார். அந்தக் காலத்தில் கேடிகளுக்குப் பெயர் கிடையாது. கையில் கட்டிய பித்தளை வில்லையின் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவர் பதினான்கு. பதினொரு வருடம் பதினான்காகவே இருந்தார்.

“அன்னிக்குக் காலையில, முதல் அடிக்கு முன்னால, உன் பேர் என்னன்னு கேட்டீங்க. நான் சொன்னேன். ஆட்டம் முடியறவரைக்கும் அந்தப் பேரைச் சொல்லியே கூப்பிட்டீங்க.”

தணிகாசலத்துக்கு அது நினைவில் இல்லை. மட்டையின் ஓசை நினைவிருந்தது. தேநீரின் மணம்கூட நினைவிருந்தது. பெயர் கேட்டது நினைவில்லை.

“நாலு கஜ வித்தியாசத்துல ஜெயிச்சா கூட்டத்துக்குக் கண்ணுல படாது. மேட்டுல ஏறினதும் உங்க பந்து தனியாத் தெரியணும்னு நினைச்சேன். என்கிட்ட குடுக்க வேற ஒண்ணும் இல்ல.”

தணிகாசலம் புல்லில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் போட்டிக்கு மறுநாள் விடிந்ததும், இவ்வளவு தூரம் அடிக்கிற கைக்கு முறையாகக் கற்றுக்கொடு என்று, பதினான்காம் எண் கேடியைத் தேடிப் போனவர் அவர். அதிகாரி ஒருவர் கேடியிடம் பாடம் கேட்பதா என்று கிளப்பே வியந்தது. அதன் பிறகுதான் மற்றவர்களும் வந்தார்கள். அதன் பிறகுதான் ஜோகி மாஸ்டர் ஆனார்.

“அப்போ நான் உங்ககிட்ட வந்ததே இந்தப் பதினெட்டு கஜத்தாலதான்.”

“வந்தவர் இருநூத்தி நாப்பத்தொண்ணு அடிச்சவர்தான் சார். நான் பாடம் சொன்னது இருநூத்தி இருபத்து மூணு அடிச்சவருக்கு.”

கீழே தேயிலைத் தொழிற்சாலைச் சங்கு ஊதி அடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மேடையில் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று தணிகாசலம் கேட்டார். கேட்டால் நடந்ததைச் சொல்வேன் என்றார் ஜோகி. கேட்காவிட்டால்? முப்பத்தோரு வருடமாக ஒருவரும் கேட்கவில்லையே என்றார்.

தணிகாசலம் எழுந்தார். அவர் நேரே வீட்டுக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. தகடு பதிந்திருக்கும், மாலை விழுந்திருக்கும், ஜோகியும் ஓரமாக நின்று கை தட்டியிருப்பார். தணிகாசலம் வீட்டுக்குப் போகவில்லை. தோட்டக்காரர் கொட்டகைக்குப் போனார். கடப்பாரையோடு திரும்பி வந்தார்.

கல் பாதி மண்ணில் புதைந்திருந்தது. இருவரும் முறை வைத்துத் தோண்டினார்கள். நெம்பியபோது கல்லின் அடியில் வெளுத்த புல்வேர்களும் ஒரு மண்புழுவும் இருந்தன. அந்த நேரத்தில்தான் மட்டையைத் திரும்ப வாங்கிப் போக வந்த சென்னியப்பன் மேட்டின் மேல் தோன்றினார். சேறு படிந்த கால்சட்டையும் கடப்பாரையுமாகத் தணிகாசலத்தைக் கண்டு திகைத்தார்.

“என்னங்கண்ணா, கல்லை எங்க கொண்டு போறீங்க?”

“இது இருக்கவேண்டிய இடத்துக்கு. உங்க மட்டை அங்க இருக்கு, எடுத்துக்குங்க. நல்ல மட்டை தம்பி. பழையதைவிட நல்லாவே அடிக்குது. ஞாயித்துக்கிழமை இதையேதான் பேசப் போறேன். இந்தக் கல் எங்க இருந்துச்சு, ஏன் நகர்ந்துச்சுங்கறதையும் சேர்த்து.”

சென்னியப்பன் வாய் திறந்தார். கேலியாக ஏதோ வந்திருக்க வேண்டும். ஜோகியின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டார். மட்டையை எடுத்துக்கொண்டார், ஆனால் போகாமல் நின்றார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கல் தறிகெட்டு உருண்டு ஓடாதபடி சரிவின் கீழ்ப்பக்கம் போய்த் தோள்கொடுத்தார்.

கல் இறங்கியது. ஜோகி பக்கத்தில் காலை எட்டி வைத்து அளந்து வந்தார். தணிகாசலம் ஒவ்வொரு கஜத்தையும் வாய்விட்டு எண்ணினார். பத்தில் மூச்சு வாங்கினார். பதினான்கில் சற்று நின்று, ஜோகியை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி கடப்பாரையைக் கொடுத்தார். பதினேழில் கல் ஒரு குழிவில் வசமாகச் சிக்கிக்கொண்டது. வடிகால் எட்டும் தூரத்தில் இருந்தது. தணிகாசலம் கடப்பாரையை ஊன்றி அதன் மேல் சாய்ந்தார். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது.

“இங்கயே இருக்கட்டும் மாஸ்டர். ஒரு கஜத்தை யார் வந்து பாக்கப் போறாங்க?”

“அன்னிக்கும் யாரும் பாக்கல சார்.”

தணிகாசலம் கடப்பாரையைக் கல்லுக்கு அடியில் கொடுத்தார்.

பதினெட்டு கஜம்.