வாக்கியத்துக்கு நடுவில் முளைக்கும் வேர்

"குருவம்மா, உங்க கதையில ஒரு பொய் இருக்கு" என்றார் உதியர்.

தூமணி துவரங்காய் உரித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுதானா?"

"இளவரசன் ஏழு கடல் தாண்டிப் போறான். அங்க ஒரு ராட்சசி. மனுஷ வாடையே படாதவ. அவ வழி சொல்றா, இவன் கேட்டுக்கிட்டு நடக்கிறான். எந்த மொழியில சொன்னா?"

"அதான் எந்த மொழியும் புரியற வேரை அவன் மென்னானே."

"அந்த வேர் எங்க முளைக்குது?"

"வாக்கியத்துக்கு நடுவுல."

உதியர் சிரிக்கவில்லை.

அவர் குருவைவிட மூத்த சீடர். பள்ளத்தூரில் அவர் பேச்சைக் கேட்காத காது கிடையாது. வரி கட்டாதே என்றார், ஊர் கட்டவில்லை. அதற்காகச் சிறை போனார். திரும்பி வந்தபோது, முன்பு அவருக்காகக் கைதட்டிய கூட்டம் தூமணியின் மாயக்கதையில் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தது.

மனம் கசந்தது. ஆனாலும் போய் உட்கார்ந்தார். ராட்சசி அழும் இடத்தில் வரி வசூலித்தவனும் அழுவதைப் பார்த்தார். தன் பேச்சு ஒருநாளும் அவனை அசைத்ததில்லை.

மறுநாளே, நரைத்த தலையோடு, இந்தப் பெண்ணிடம் சீடராகச் சேர்ந்தார். வேறு யாருக்கும் அந்தத் துணிச்சல் வந்திருக்காது.

"விளையாட்டு இல்லை, குருவம்மா. எனக்கு அந்த வேர் வேணும்" என்றார். "விடிஞ்சா ஊரே மலை ஏறுது."

மலையில் நெடியோர் வாழ்ந்தார்கள். பனை உயரம். அவர்கள் பேச்சு யாருக்கும் புரியாது. போன கோடையில் ஆறு நின்றுபோனது. நெடியோர்தான் மறித்துவிட்டார்கள் என்றது ஊர்.

நியாயம் கேட்க உதியர் ஆட்களோடு மேலே போனார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்று பேச ஆரம்பித்தார். பாதிப் பேச்சில் ஒரு நெடியவள் பாறை ஒன்றை அவரை நோக்கி உருட்டிவிட்டாள். எல்லாரும் ஓடிவந்துவிட்டார்கள்.

இந்தக் கோடையில் பயிர் கருகிவிட்டது. ஊர் கடப்பாரையும் தீப்பந்தமும் தூக்கிவிட்டது.

"முன்னால நிக்கிறது யாரு தெரியுமா? என் மக மின்னி. 'எழு'ன்னு நான் ஒரு வார்த்தை சொன்னா போதும், பாஞ்சிடுவா. 'மலைக்கே வேண்டாம்'னு சொல்லிப் பார்த்தேன், கேக்கல. பாஞ்சா திரும்ப மாட்டா. நான் வளர்த்த பொண்ணு."

"உங்களை மாதிரியே."

"அதான் பயமா இருக்கு."

தூமணி துவரங்காயை ஒதுக்கி வைத்தார். எழுந்து உள்ளே போய், சுண்டுவிரல் நீளத்தில் ஒரு வேரைக் கொண்டுவந்தார்.

"அவங்களைக் கண்டதும் மெல்லுங்க. துப்பிடாதீங்க."

"வாக்கியத்துக்கு நடுவுல முளைக்குதுன்னீங்க?"

"ஒரு துண்டு கீழ விழுந்துச்சு."

மறுநாள் காலை. மலை உச்சியில் புல்வெளி. எதிரே நெடியோர் வரிசையாக நின்றார்கள்.

உதியர் வேரை மென்றார்.

முதலில் எரிந்தது. பிறகு நாக்கு இருக்கும் இடமே தெரியவில்லை. வாய் நிறைய எச்சில் ஊறியது.

அதே நெடியவள் குனிந்தாள். ஒரு பாறையை உருட்டினாள்.

"அப்பா, சொல்லுங்க!" மின்னி பின்னாலிருந்து கத்தினாள். கடப்பாரைகள் உயர்ந்தன.

உதியர் வாயைத் திறந்தார். சொல்ல வந்தது "எழு" என்பதா, "ஓடு" என்பதா, அவருக்கே தெரியாது. முகவாயில் எச்சில் வழிந்தது. அவ்வளவுதான்.

அவர் சொல்லாமல் யாரும் அசைய மாட்டார்கள். ஊர் அந்தக் கட்டுப்பாட்டை அவரிடம்தான் கற்றிருந்தது.

பேச வழியில்லாத மனிதருக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பார்த்தார்.

பாறை தானாக உருண்டு வரவில்லை. நெடியவள் அதைக் கையால் தடுத்துத் தடுத்து, தொட்டில் குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்தாள். அவர் காலுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினாள். புரட்டி வைத்தாள். மேல்பக்கம் வழுவழுவென்று குழிந்திருந்தது. பலர் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த குழி. உள்ளங்கையால் அதன் தூசியைத் துடைத்தாள்.

பக்கத்திலேயே இன்னொரு பாறை. போன கோடையில் உருண்டு வந்த அதே பாறை, நின்ற இடத்திலேயே இருந்தது. அதைச் சுற்றி ஒரு புல் இல்லை. யாரோ தினமும் களைந்திருக்கிறார்கள்.

ஓடிப்போன விருந்தாளிக்காக.

உதியர் உட்கார்ந்தார்.

நெடியோர் வரிசையில் பெருமூச்சு ஒன்று கிளம்பியது. புல்வெளியே சாய்ந்து எழுந்தது. நெடியவள் எதிரில் தரையில் சம்மணமிட்டாள். அவர் முகவாயைப் பார்த்தாள். ஓர் இலையைப் பறித்து எச்சிலைத் துடைத்துவிட்டாள்.

"அப்பா!" மின்னி ஓடிவந்தாள். "உங்களை என்ன பண்ணினா?"

உதியர் பாறையில் நகர்ந்து, மகளுக்கு இடம் விட்டார்.

அப்புறம்தான் நெடியவள் பேசினாள். ஒரு சொல்லும் புரியவில்லை. அவள் காட்டிய திசையில் இருவரும் பார்த்தார்கள். நெடியோர் குடிசைகள் கூரைவரை தண்ணீரில் நின்றன. சரிந்து விழுந்த மலை ஆற்றின் வாயை அடைத்திருந்தது. அவள் தன் பெரிய விரலை நீட்டினாள். நகம் பிய்ந்து, ரணமாகியிருந்தது. பாறை இடுக்கில் நுழையாத விரல். நெடியோரிடம் இரும்பு கிடையாது.

மின்னி தன் கையிலிருந்த கடப்பாரையைப் பார்த்தாள்.

"அடப்பாவிகளா" என்றாள் மெதுவாக. யாரைச் சொன்னாள் என்று உதியர் கேட்கவில்லை. கேட்க நாக்கும் இல்லை.

மாலையில் ஆறு பள்ளத்தூருக்குள் வந்தது.

நாக்கும் திரும்பி வந்துவிட்டது. நனைந்த வேட்டியோடு உதியர் தூமணியின் முன் நின்றார்.

"அது என்ன வேர், குருவம்மா?"

"பல்வலிக்கு மெல்றது. சந்தையில கூறு கட்டி விக்கிறாங்களே."

உதியர் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு முகம் மலர்ந்தது.

"புரிஞ்சுபோச்சு. ராட்சசி எந்த மொழியில சொன்னான்னு எனக்கு இப்போ நல்லாப் புரிஞ்சுபோச்சு" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டார். தொண்டையைக் கனைத்தார்.

தூமணி இன்னொரு துண்டு வேரை எடுத்து நீட்டினார்.