ஏழாவது வீட்டு வெள்ளிக்கிளி

சீடர் குருவைவிடப் பத்து வயது மூத்தவர். அதில் இருவருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

குருவின் பெயர் சந்தனசாமி. கும்பகோணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மெஷினுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் உட்கார்ந்துதான் பதினோரு வருஷமாகப் பலர் அவரிடம் பாடம் கேட்டார்கள். பாடம் என்பது ஒரே ஒரு புத்தகம்.

ஓவியர் ஞானப்பிரகாசம் இருபத்தைந்து வருஷத்துக்கு முன் போட்ட புத்தகம் அது. பன்னிரண்டு ஓவியங்கள், ஓவியத்துக்கு ஒரு குறள் வெண்பா. உள்ளங்கை அளவு வெள்ளிக்கிளி ஒன்றை எங்கோ மண்ணில் புதைத்திருப்பதாகவும், படத்தையும் பாட்டையும் சேர்த்துப் படித்தால் வீட்டில் உட்கார்ந்தபடியே இடத்தைச் சொல்லிவிடலாம் என்றும் முன்னுரையில் எழுதியிருந்தார். மறு வருஷமே காலமாகிவிட்டார். மனைவியிடம்கூட இடத்தைச் சொல்லவில்லை.

அதன் பிறகு ஆட்கள் கிறுக்குப் பிடித்து அலைந்தார்கள். சேலத்துக்காரர் சேலத்தில் தோண்டினார். காரைக்குடிக்காரர் காரைக்குடியில், அதுவும் தன் மாமனார் வீட்டுக் கொல்லையில் தோண்டினார். எல்லோருக்கும் விடை பொருந்தி வந்தது. கிளிதான் வரவில்லை.

அந்த மூத்த சீடர் கோகிலத்தம்மாள் மட்டும் இதுவரை எங்கும் தோண்டியதில்லை. தபால் ஆபீஸில் முப்பத்து நான்கு வருஷம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டவர். கோழி கிளறிய மாதிரி எழுதியிருந்தாலும் முகவரியைப் படித்துவிடுவார். அவசரப்படாத மனுஷி என்று குருவுக்கு அவர் மேல் தனி மதிப்பு.

அந்த வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, விரித்த குடையை மடக்கக்கூட மறந்து அந்த அம்மாள் கடைக்குள் வந்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன் ஐயா. பதினொண்ணு இருபதுக்கு பஸ். அதுக்குள்ள நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். சரியா, தப்பா?"

"உக்காருங்கம்மா."

"உக்கார நேரமில்லை."

"தண்ணியாவது குடிங்க."

குடித்தார். அவசரத்தில் புடவையில் கொஞ்சம் சிந்தியது.

"எந்த ஊரு?"

"மருதஞ்சேரி. வடக்குத் தெரு. ஏழாவது வீடு. கிணத்தடி."

"அந்த ஊர் உங்களுக்குத் தெரியுமா?"

"நான் பொறந்த வீடு ஐயா அது."

குரு மெஷினை அணைத்தார். காத்திருந்த கல்லூரிப் பெண்ணிடம் அப்புறம் வரச் சொன்னார்.

"இன்னிக்கே போகணும்னு என்ன?"

"நாளைக்கு இடிக்கிறாங்க. ரோட்டை அகலமாக்குறதுக்கு அந்த வரிசையே போகுது. ஜேசிபி நேத்தே வந்து நிக்குதாம். தார் போட்டுட்டா அப்புறம் கிளியாவது ஒண்ணாவது?"

"யார் சொன்னா?"

"இப்போ நான் இருக்கிற தெருவுக்கு அந்த ஊர்ப் பூக்காரி வர்றா. தினமும் கேப்பேன்."

"தினமுமா?"

கோகிலத்தம்மாள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து ஐந்தாவது ஓவியத்தை விரித்தார். ஒரு பெண் கிணற்றில் நீர் இறைக்கிறாள். தலைக்கு மேலே வேப்பமரம். கிணற்று விளிம்பில் ஒரு கல் மட்டும் உடைந்திருக்கிறது. எதிர்ப் பக்கத்தில் பாட்டு.

வேம்பின் நிழலில் விளையாடும் வெண்கிளி
தாம்பறியும் ஆழம் தரும்.

பாட்டுக்கு மேலே, பக்கத்தின் நடுவில், சின்னதாக ஓர் உ.

"சேலைக் கரையில எத்தனை கிளின்னு எண்ணினேன். ஒன்பது. பாட்டுக்கு மேல உ. தமிழ் எண்ணுல உ-ன்னா ரெண்டு. ஒன்பதுல ரெண்டு போனா ஏழு. ஏழாவது வீடு. தாம்புன்னா கிணத்துக் கயிறு."

"உ பிள்ளையார் சுழியாவும் இருக்கலாமே?"

"பிள்ளையார் சுழின்னா முதல் பக்கத்துல இருக்கணும். இது அஞ்சாவது பாட்டுல மட்டும்தான் இருக்கு. அதுவும் வரைஞ்சவர் ஞானப்பிரகாசம். வாரம் தவறாம சர்ச்சுக்குப் போன மனுஷர் எதுக்குப் பிள்ளையார் சுழி போடப்போறார்? எல்லாரும் சுழின்னு நெனச்சுத் தாண்டிப் போயிட்டாங்க. நான் தாண்டலை."

சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. குரு தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் பார்த்திருக்கீங்க. ஆனா ஏன் கழிச்சீங்க? கூட்டினா?"

"கூட்டினா பதினொண்ணு வரும். எங்க தெருவில பதினோராவது வீடே கிடையாது ஐயா."

"உங்க தெருன்னு யாரும்மா சொன்னா?"

கோகிலத்தம்மாள் ஓவியத்தில் அந்த உடைந்த கல்லின் மேல் விரலை வைத்தார்.

"இதோ, இந்தக் கல்லு. கலியன் பித்தளைக் குடத்தைப் போட்டு உடைச்ச கல்லு. உடைச்சது அவன், அடி விழுந்தது எனக்கு. அப்படியே வரைஞ்சிருக்கார், பாருங்க."

"கலியன் யாரு?"

"தம்பி. கலியமூர்த்தி. அந்த வீட்டிலதான் இருக்கான். நாளைக்கு விடிஞ்சதும் ஓசூருக்கு, மக வீட்டுக்குப் போறான். இனிமே இந்தப் பக்கம் வரமாட்டான்."

"இதுவும் பூக்காரி சொன்னதா?"

"ஆமா."

"நீங்க பேசிக்கிறதில்லையா?"

"பத்தொன்பது வருஷம் ஆச்சு." புத்தகத்தின் ஓரத்தை மடக்கி மடக்கி நிமிர்த்தினார். "எனக்கு அப்போ நாகப்பட்டினத்துல வேலை. அம்மா செத்த அன்னிக்கு நான் வந்த பஸ் திருவாரூர் தாண்டி நின்னுபோச்சு. ஒரு மணி நேரம். எமகண்டம் வந்துரும்னு தூக்கிட்டான். அம்மா முகத்தைப் பார்க்க விடலை. அன்னிக்குத் திரும்பினவதான், அந்த வாசப்படி மிதிக்கலை."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"எதால தோண்டுவீங்க?"

"கடப்பாரையோட பஸ்ஸில ஏத்தமாட்டாங்க. அவன்கிட்டதான் வாங்கணும். 'கலியா, கடப்பாரை இருக்கா?' இவ்வளவுதான் கேப்பேன். வேற ஒரு பேச்சு கிடையாது. தோண்டுவேன், எடுப்பேன், வந்துருவேன். கடைக்கு வர்ற வழியெல்லாம் அதையேதான் சொல்லிப் பார்த்துக்கிட்டு வந்தேன். ரெண்டு தடவை 'கலியா'ன்னதோட நின்னுபோச்சு. மணி பத்தம்பது ஆச்சு ஐயா, சரியா தப்பான்னு சொல்லுங்க. தப்பான விடையோட அவன் வாசல்ல போய் நின்னேன்னு வைங்க, நான் என்ன ஆவேன்? நீங்க சரின்னு சொன்னா தைரியமாப் போயிருவேன்."

 சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அம்மாள் பஸ் ஏறிவிடுவார். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மாலையில் ஒரு வெறும் குழியைப் பார்த்துக்கொண்டு அவர் தனியாக நிற்பதையும் குரு நினைத்துப் பார்த்தார்.

மேஜை இழுப்பறையைத் திறந்தார். ரப்பர் ஸ்டாம்புகளுக்கு அடியில் துழாவி, ஓர் ஈய எழுத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாகத் திரும்பிய உ.

"அந்த உ இதுதாம்மா."

"எந்த உ?"

"அஞ்சாவது பாட்டுக்கு மேல இருக்கிறது. இந்தப் புத்தகத்துக்கு அச்சுக் கோத்தவன் நான். கடைசிப் பக்கத்தைப் பாருங்க."

கோகிலத்தம்மாள் திருப்பினார். அச்சகத்தின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது: அச்சுக் கோப்பு, க. சந்தனசாமி. அந்த பெஞ்சில் உட்கார்ந்த யாரும் இதுவரை அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை. அதில் புதிர் எதுவும் இல்லையே.

"பாட்டெல்லாம் தனித்தனித் தாளில வந்துச்சு. அன்னிக்கு முதல்ல கைக்கு வந்தது இந்தப் பாட்டு. எந்த வேலை எடுத்தாலும் சுழி போட்டுத்தான் ஆரம்பிப்பேன். அப்புறம் எடுத்துரலாம்னு வெச்சேன். மறந்துட்டேன்."

"இத்தனை வருஷமா ஏன் ஐயா சொல்லலை?"

"முதல்ல பயம், பிழை விட்டவன்னு பேர் வருமேன்னு. அதுக்கப்புறம் நீங்கள்லாம் குருன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டீங்க."

அந்த அம்மாள் விடவில்லை. "உங்க கையால அதை வைக்கச் சொன்னதே அவரா இருக்கலாம். அதுவும் அவர் திட்டத்துல ஒண்ணா இருக்கலாம்ல?"

"அன்னிக்கு அவர் ஊர்லயே இல்லைம்மா."

மணி பதினொன்று. கோகிலத்தம்மாள் அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தார். ஈய எழுத்தை மூடிய கை மடியில் கிடந்தது.

"அப்போ ரெண்டு இல்லை."

"இல்லை."

"ரெண்டு இல்லைன்னா ஏழும் இல்லை."

"கிளி அங்க இல்லைம்மா."

அவருக்கு அழுகை வந்தது. உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் அழுதார். குரு பார்க்காதது போல விரித்துக் கிடந்த குடையை மடக்கினார். பிறகு புத்தகத்தை எடுத்து மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்.

"பஸ் ஸ்டாண்டுக்கு உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"நடந்தா பத்து நிமிஷம். எதுக்குக் கேக்கறீங்க?"

குரு குடையை நீட்டினார்.

கோகிலத்தம்மாள் அதை வாங்கவில்லை. வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று ஐந்து.

"அங்க கிளி இல்லை. தெரிஞ்சுபோச்சு. இனிமே அவன் வாசல்ல போய் நின்னு நான் என்னத்தை ஐயா கேக்கறது?"

"கடப்பாரை இருக்கான்னு கேளுங்க."